கடைமடைக்காரர்களின் கணக்கு

மோகனூர்ப் பக்கம் பருவநிலை மாற்றம் பற்றிப் பேச்செடுத்தால், அது சுற்றிச் சுற்றி ஒரு கேள்வியில் வந்து நிற்கும்: "நாம ஒருத்தரு பண்ணி என்னங்க ஆகப்போகுது?" கேட்பவர் ஊர் நியாயம் தெரியாதவர் இல்லை. விடியும் முன்பே வெற்றிலைக் கொடிக்காலில் இறங்குபவராகவோ, கோழிப்பண்ணை வைத்திருப்பவராகவோ, லாரியில் வட மாநிலம் போய் வருபவராகவோ இருப்பார். மழை தவறுவதையும் வெயில் ஏறுவதையும் நம்மில் பலரைவிட அருகிலிருந்து பார்ப்பவர் அவர். "ஒவ்வொருவரும் மாறினால் உலகமே மாறும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு நகர்வது அவரை மதிக்காத செயல். கணக்கு கேட்பவருக்குக் கணக்கோடுதான் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் அவர் பக்கத்துக் கணக்கையே போட்டுப் பார்ப்போம். வீட்டு மாடியில் 3 கிலோவாட் சூரிய மின்தகடு வைத்தால், நம் வெயிலுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 12 யூனிட் கிடைக்கும். ஆண்டுக்கு 4,000 யூனிட்டுக்கு மேல். நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. ஆக, ஒரு வீடு ஆண்டுக்கு 3 டன் அளவுக்கு மிச்சப்படுத்துகிறது. இதே காவிரியின் மேல்பக்கத்தில் மேட்டூர் அனல்மின் நிலையம் இருக்கிறது. அதன் திறன் 1,440 மெகாவாட். நிலக்கரியில் ஒரு யூனிட் எடுக்க ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயு வெளியேறும். அந்த நிலையம் முழுத் திறனில் ஓடினால் விநாடிக்கு 400 கிலோ. மோகனூர் வீடு ஒரு வருடம் முழுக்க மிச்சம் பிடித்த 3 டன், மேட்டூர்ப் புகைபோக்கிகளில் எட்டு விநாடிக்குள் போய்விடும்.

சந்தேகப்படுபவருக்கு இதைவிட வலுவான ஆதாரம் கிடைக்காது. இதை மறைத்துவிட்டு ஆறுதல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. ஆனால் இந்தக் கணக்கு பாதிதான். மறுபாதி வளிமண்டலத்தில் இருக்கிறது.

கரியமில வாயு பூமியைச் சூடாக்கும் விதத்தில் ஒரு விசித்திரம் உண்டு. மனிதர் வெளியேற்றும் வாயுவில் ஏறத்தாழ பாதியைக் கடலும் மண்ணும் மரங்களும் உறிஞ்சிக்கொள்கின்றன. மீதி காற்றிலேயே தங்கி நூற்றாண்டுக் கணக்கில் இருக்கிறது. காற்றில் வாயு கூடக் கூட, அடுத்து சேரும் ஒவ்வொரு டன்னும் வெப்பத்தைப் பிடித்துவைக்கும் திறன் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. அதே நேரம் கடலும் காடும் உறிஞ்சும் திறனும் சளைத்துப்போகிறது. முதலாவது வெப்பத்தைக் குறைக்கிறது, இரண்டாவது கூட்டுகிறது. இரண்டும் ஏறத்தாழச் சமன்பட்டுவிடுகின்றன. விளைவு, ஒரு நேர்கோடு. இதுவரை வெளியேறிய மொத்த வாயு எவ்வளவோ, அதே விகிதத்தில் வெப்பம். ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு 2021-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒவ்வொரு லட்சம் கோடி டன்னுக்கும் ஏறத்தாழ 0.45 டிகிரி செல்சியஸ். 1850 முதல் 2019 வரை மனிதகுலம் சுமார் 2.4 லட்சம் கோடி டன்னை வெளியேற்றிவிட்டது. ஒரு டிகிரிக்கு மேல் சூடு ஏறியதும் அதனால்தான்.

நேர்கோட்டுக்கு வாசற்படி கிடையாது. "இதற்குக் கீழே இருந்தால் ஒன்றும் ஆகாது, இதற்கு மேலே போனால் எல்லாம் முடிந்தது" என்ற எல்லைக்கோடு இந்தக் கணக்கில் இல்லை. 1.5 டிகிரி, 2 டிகிரி என்பவை 2015 பாரிஸ் ஒப்பந்தத்தில் நாடுகள் பேசி வைத்துக்கொண்ட குறிகள். 2024-ஆம் ஆண்டின் சராசரி 1.5-ஐத் தாண்டிவிட்டது என்று உலக வானிலை அமைப்பு சொன்னபோது, "இனி என்ன செய்து என்ன" என்று பலர் எழுதினார்கள். அறிவியல் அப்படிச் சொல்லவில்லை. 1.6-ஐவிட 1.7 மோசம், 1.7-ஐவிட 1.8 மோசம். வெளியேறாமல் தடுத்த ஒவ்வொரு டன்னும் எந்த ஆண்டிலும், எந்த ஊரிலும், யார் தடுத்தாலும் அதே மதிப்புள்ளது.

அந்த மதிப்பைக் கண்ணால் பார்க்கும்படி இருவர் அளந்து காட்டினார்கள். டிர்க் நோட்ஸ், ஜூலியன் ஸ்ட்ரோவ் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையில், ஆர்க்டிக் கடலில் செப்டம்பர் மாதத்தில் மிஞ்சும் பனிப்பரப்பையும் உலகம் வெளியேற்றிய வாயுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு டன் கரியமில வாயுவுக்கு மூன்று சதுர மீட்டர் பனி காணாமல் போயிருக்கிறது. மோகனூர் மாடியில் மூன்று கிலோவாட் தகடு வைத்தவர் ஆண்டுக்கு ஒன்பது சதுர மீட்டர் பனியைக் காப்பாற்றுகிறார். ஒரு சின்ன படுக்கையறை அளவு. மேட்டூரோடு ஒப்பிட்டபோது எட்டு விநாடியாகச் சுருங்கிப்போன அதே மூன்று டன்தான் இது. சிறியது என்பது வேறு, இல்லாதது என்பது வேறு.

தூரத்துப் பனியை விட்டுவிட்டு நம்மூர்க் கோழிக்கு வருவோம். நாமக்கல் பண்ணைகள் நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை அனுப்புகின்றன. கோடையில் நாளிதழைப் புரட்டினால், நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனையில் 'வெப்ப அயற்சி' என்ற சொல் தவறாமல் இருக்கும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வெயில் ஏறினால் வாயைத் திறந்து வேகவேகமாக மூச்சு வாங்கித்தான் உடம்பைக் குளிர்விக்க வேண்டும். அப்படி மூச்சு வாங்கும்போது ரத்தத்திலிருந்து கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியே போய்விடுகிறது. ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. முட்டை ஓடு கட்டத் தேவையான பைகார்பனேட்டும் கால்சியமும் கருப்பைக்குச் சரியாகப் போய்ச் சேர்வதில்லை. ஓடு முழுக்கவே கிட்டத்தட்ட கால்சியம் கார்பனேட்தான். அது மெலிகிறது. அட்டையில் அடுக்கும்போதும் லாரியில் குலுங்கும்போதும் உடைகிறது. வெயிலில் தீவனமும் குறைவாகத்தான் எடுக்கும், முட்டையும் சிறுத்துப்போகும். அதனால்தான் பண்ணைக்காரர்கள் கூரைமேல் தண்ணீர் தெளிக்கிறார்கள், காலையிலும் மாலையிலும் மட்டும் தீவனம் வைக்கிறார்கள், குடிதண்ணீரில் சோடா உப்பு கலக்கிறார்கள். 2024 கோடையில் ஆற்றுக்கு அக்கரை கரூர் பரமத்தியில் வெப்பம் 42 டிகிரியைத் தாண்டிப் போனபோது, இந்தச் செலவெல்லாம் எவ்வளவு ஏறியது என்று பண்ணை வைத்திருப்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு என்பது அறிவியல் அறிக்கையில் ஒரு தசமப்புள்ளி. கொட்டகைக்குள் அது உடைந்த முட்டை.

தண்ணீருக்கும் இதே கதை. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். வறளும்போது மண்ணிலிருந்து அதிகமாக உறிஞ்சும், பெய்யும்போது அதிகமாகக் கொட்டும். 2024-இல் தண்ணீர் இல்லாததால் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்க முடியவில்லை. ஜூலை தொடக்கத்தில் நீர்மட்டம் 40 அடியை ஒட்டிக் கிடந்தது. ஜூலை 30 அன்று 120 அடி நிரம்பி, காவிரிக் கரையோரங்களுக்கு வெள்ள எச்சரிக்கை போனது. ஒரே ஆண்டை வைத்துப் பருவநிலை மாற்றத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் சூடேறும் உலகம் எந்தப் பக்கம் சாயும் என்று இயற்பியல் சொல்கிறதோ, அந்தச் சாய்வுக்கு நம் கண்ணெதிரே உள்ள மாதிரி இதுதான்.

அடுத்த கேள்வி: சரி, ஒரு வீடு சிறியது; ஒரு நாடு? உலகம் ஆண்டுக்கு எரிபொருளிலிருந்து வெளியேற்றும் சுமார் 3,700 கோடி டன்னில் இந்தியாவின் பங்கு 8 சதவீதம் சொச்சம். "சீனாவும் அமெரிக்காவும் நிறுத்தாமல் நாம் நிறுத்தி என்ன பயன்?" என்று கேட்பவர் இந்த எண்ணைத்தான் காட்டுகிறார். பங்கு சிறிதாக இருப்பதால் பலனும் சிறிதாகத்தான் இருக்கும் என்று நினைப்பது தப்பு என்பதற்கு வரலாற்றிலேயே சாட்சி இருக்கிறது. அது ஜெர்மனி.

உலகப் புகையில் ஜெர்மனியின் பங்கு சுமார் 2 சதவீதம். அங்கே அடிக்கும் வெயில் நம்மூர் வெயிலில் மூன்றில் இரண்டு பங்கு இருந்தாலே அதிகம். அந்த நாடு 2000-ஆம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டது: யார் வீட்டுக் கூரையில் சூரிய மின்சாரம் எடுத்துத் தொகுப்புக்குக் கொடுத்தாலும் 20 ஆண்டுகளுக்கு நிர்ணயித்த நல்ல விலை தரப்படும். அந்தக் காலத்தில் சூரியத் தகடு யானை விலை. செலவை அந்நாட்டு மக்கள் தங்கள் மின்கட்டணத்தில் சுமந்தார்கள். அவர்களால் குறைந்த புகை உலக அளவில் கண்ணுக்கே தெரியாது. ஆனால் அவர்கள் வாங்க வாங்க, சீனாவில் தகடு ஆலைகள் பெருகின. சூரியத் தகட்டுக்கு ஒரு விதி உண்டு: உலகில் இதுவரை செய்த மொத்தத் தகடுகளின் அளவு ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் விலை ஏறத்தாழ 20 சதவீதம் குறையும். இரட்டிப்பு மேல் இரட்டிப்பாக நடந்தது. 2010-இல் இந்தியா ஜவஹர்லால் நேரு தேசிய சூரிய மின் இயக்கத்தைத் தொடங்கி முதல் ஏலம் விட்டபோது யூனிட் விலை 12 ரூபாயை ஒட்டி வந்தது. 2017-இல் ராஜஸ்தானின் பட்லாவில் 2 ரூபாய் 44 காசு. 2020 முடிவில் குஜராத் ஏலத்தில் 1 ரூபாய் 99 காசு. நிலக்கரியைவிட மலிவாகிவிட்டது. இன்று நாமக்கல் மாவட்டத்தில் ஒரு வீட்டுக்காரர் தகடு வைக்க முடிகிறதென்றால், அதன் விலையில் முக்கால்வாசிக்கு மேல் யாரோ ஒரு ஜெர்மன் குடும்பம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே கட்டிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

காற்றாலையில் இதே வேலையைச் செய்தது டென்மார்க், நம் ஒரு சில மாவட்டங்களின் மக்கள்தொகைகூட இல்லாத நாடு. அந்நாட்டு அரசின் உதவியோடு தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் தொடக்கக் காலக் காற்றாலைகள் சில எழுந்தன. இப்போது தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது.

நாமும் ஒரு பொருளின் விலையை இப்படி உடைத்திருக்கிறோம். எல்.இ.டி. பல்பு. 2014 தொடக்கத்தில் அரசு கொள்முதலில் ஒரு பல்பு 310 ரூபாய். 2015 ஜனவரியில் உஜாலா திட்டம் வந்து கோடிக்கணக்கில் மொத்தமாக வாங்கத் தொடங்கியதும் சில ஆண்டுகளிலேயே 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கு மேல் பல்புகள் கொடுக்கப்பட்டன. குண்டு பல்பை எடுத்துவிட்டு எல்.இ.டி. மாட்டும் முடிவை எடுத்தவர் தனிமனிதர்தான். அந்த முடிவைக் கட்டுப்படியாகும்படி செய்தது நாடு. இரண்டில் எது பெரிது என்று பிரித்துப் பார்ப்பதே வீண்வேலை.

2025 ஜூனில் இந்தியாவின் மின் உற்பத்தித் திறனில் பாதி, புதைபடிவ எரிபொருள் அல்லாத வழிகளுக்கு மாறிவிட்டது. 2030-க்கு என்று சொல்லியிருந்த இலக்கு ஐந்து ஆண்டு முன்னதாகவே வந்தது. இது பெருமைப்பட வேண்டிய விஷயம். ஆனால் திறன் வேறு, உண்மையில் ஓடும் மின்சாரம் வேறு. நாம் பயன்படுத்தும் யூனிட்டுகளில் பத்தில் ஏழுக்கு மேல் இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகின்றன. வெளியேற்றுவதும் உறிஞ்சுவதும் சமனாகும் 'நிகர பூஜ்ஜியத்துக்கு' நாம் வைத்திருக்கும் ஆண்டு 2070.

இங்கே ஒரு நியாயம் பேசியாக வேண்டும். ஓர் இந்தியர் ஆண்டுக்குச் சராசரியாக வெளியேற்றுவது 2 டன். உலகச் சராசரி 4.7. ஓர் அமெரிக்கர் 14. தொழிற்புரட்சி முதல் இன்றுவரை சேர்ந்த மொத்தத்தில் அமெரிக்காவின் பங்கு ஏறத்தாழ கால்வாசி, இந்தியாவின் பங்கு 3 சதவீதத்தை ஒட்டி. மோகனூர்க்காரருக்கு இந்த அநியாயத்தை விளக்கவே தேவையில்லை. ஜேடர்பாளையம் படுகை அணையிலிருந்து பிரியும் ராஜா வாய்க்காலும் அதன் கிளைகளும் பரமத்தி வேலூரைத் தாண்டி மோகனூர் வரை வருகின்றன. அல்லாள இளைய நாயக்கர் வெட்டியது என்று சொல்லப்படும் வாய்க்கால். வெற்றிலையும் வாழையும் கரும்பும் அதை நம்பித்தான். தலைமடையில் இருப்பவர் முறை தவறித் தண்ணீரைத் திருப்பினால் கடைமடைக்கு என்ன மிஞ்சும் என்பது இங்கே பிறந்த குழந்தைக்கும் தெரியும். உலக வளிமண்டலத்தில் நாம் கடைமடைக்காரர்கள். தலைமடைக்காரர்கள் நூற்றைம்பது ஆண்டு இறைத்துவிட்டு இப்போது முறை பேச வந்திருக்கிறார்கள்.

அதற்காகக் கடைமடைக்காரர் தன் பங்குக்கு வாய்க்காலை உடைப்பதில்லை. எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அறிஞர் வாழ்நாளெல்லாம் இப்படிப்பட்ட பொதுச் சொத்துகளையே ஆராய்ந்தார். நேபாளத்தில் விவசாயிகளே பராமரித்த பாசனக் கால்வாய்களில், அரசு கட்டிய நவீனக் கால்வாய்களைவிடக் கடைமடைக்குத் தண்ணீர் நன்றாகப் போய்ச் சேர்ந்ததை அவரும் அவரோடு வேலை செய்தவர்களும் கண்டார்கள். காரணம், யார் முறைப்படி நடக்கிறார், யார் மீறுகிறார் என்று ஒருவரையொருவர் பார்க்க முடிந்தது. மற்றவர் தன் பங்கைச் செய்கிறார் என்று தெரிந்தால் தானும் செய்யப் பெரும்பாலானவர்கள் தயாராக இருந்தார்கள். பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர், ஆண்டு 2009. அதே ஆண்டு உலக வங்கிக்காக எழுதிய கட்டுரையில் இதையே பருவநிலைக்கும் பொருத்தினார்: உலக ஒப்பந்தம் ஒன்று வானத்திலிருந்து இறங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம், ஊர், நகரம், மாநிலம், நாடு என்று ஒவ்வொரு மட்டத்திலும் செய்கிற வேலை அடுத்த மட்டத்துக்கு நம்பிக்கை கொடுக்கும். "நாம ஒருத்தரு பண்ணி" என்ற கேள்விக்கு நான் படித்ததிலேயே நேர்மையான பதில் இதுதான்.

நம் கொங்கு நாட்டிலேயே அதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி. தலைவராக இருந்த ஆர். சண்முகத்தின் முயற்சியில் 2006-இல் அந்த ஊராட்சி 1.55 கோடி ரூபாய்க்குச் சொந்தமாகக் காற்றாலை வாங்கியது. திறன் 350 கிலோவாட்; நிற்பது உடுமலைப் பக்கம் மைவாடியில். ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து வாங்கினார்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் கிடைத்தது. ஊராட்சிக்கு வேண்டியதுபோக மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்று, அந்த வருமானத்திலேயே கடனைக் கட்டினார்கள். இன்றைய மின்தொகுப்புக் கணக்குப்படி ஆண்டுக்கு 470 டன் அளவு கரியமில வாயு மிச்சம். தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கட்டணம் கட்டித் திணறிய ஊராட்சி எடுத்த முடிவு அது. அதைப் பார்க்க வெளிமாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒரு தனிமனிதர் தன் வீட்டு விளக்கை அணைத்து அடையக்கூடிய அளவும் இல்லை, ஒரு நாடு கையெழுத்துப் போட்டு அடைய வேண்டிய அளவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஊர் என்ற ஓர் அளவு உண்டு. நம் விவாதங்களில் அதைத்தான் எப்போதும் விட்டுவிடுகிறோம்.

தனிமனிதர் செய்வதிலும் எது எடை உள்ளது என்று பார்க்க வேண்டும். ஒவ்வொருவரும் தன் சொந்தப் புகைக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் பழக்கத்தை 2000-களில் உலகெங்கும் விளம்பரப்படுத்தியது பி.பி. என்ற எண்ணெய் நிறுவனம். எண்ணெய் விற்பவரின் பொறுப்பு வாங்குபவர் தலையில் இறங்கியது. அந்த வலையில் விழாமல், நம் கையில் உண்மையாக இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கரும்பு வெட்டியபின் சோகையைக் கொளுத்துவதை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வரும் கரியமில வாயு, அந்தப் பயிரே காற்றிலிருந்து எடுத்ததுதான். அந்த வகையில் நிலக்கரிபோல் அது புதுச் சுமை இல்லை. ஆனால் கூடவே மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் கரித்தூளும் கிளம்புகின்றன. மண்ணுக்குப் போக வேண்டிய தழைச்சத்து புகையாகிறது. சோகையை மூடாக்காகப் போட்டால் ஈரம் நிற்கும், உரச் செலவு குறையும். நெல்லில் வயல் முழுக்கத் தண்ணீர் தேக்காமல் 'காய்ச்சலும் பாய்ச்சலுமாக' விட்டால், காற்றில்லாச் சேற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கு இடையிடையே வேலை நின்றுபோகும்; மீத்தேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும், தண்ணீரும் மிஞ்சும். யூரியாவை அளவாகப் போட்டால் கரியமில வாயுவைவிட 270 மடங்கு சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடு குறையும். இவை மூன்றிலும் விவசாயிக்கு நஷ்டம் இல்லை.

லாரிக்காரர் நிலைமை வேறு. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கரியமில வாயு. எரிபொருளை மாற்றும் சக்தி ஓட்டுநர் கையில் இல்லை. அரசும் தொழிற்சாலையும் மாற்றித் தர வேண்டும். 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 என்ற வாகனப் புகைத் தரம் வந்தபோது ஒரே நாளில் நாடு முழுவதும் விற்பனைக்கு வந்த புது வண்டிகள் மாறின. அது நாடு செய்யக்கூடிய வேலை. லாரிக்காரரைக் குற்றவாளிபோல் பேசுவது அநியாயம்.

மாடித் தகட்டுக்குத் திரும்ப வருகிறேன். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். இலக்கு ஒரு கோடி வீடுகள். ஒரு கோடி வீடுகளும் 3 கிலோவாட் வைத்தால் ஆண்டுக்கு 3 கோடி டன் மிச்சம். அது இந்தியா வெளியேற்றுவதில் வெறும் ஒரு சதவீதம்தான். ஆனால் மேட்டூர் அளவுள்ள இரண்டு மூன்று அனல் நிலையங்கள் முழுத் திறனில் ஓடி ஆண்டெல்லாம் விடும் புகைக்குச் சமம். இரண்டு எண்ணும் உண்மை. முதல் எண்ணை மட்டும் சொன்னால் மனம் சோர்ந்துபோகும். இரண்டாவதை மட்டும் சொன்னால் வேலை முடிந்துவிட்டதுபோல் தோன்றும்.

மானியத்துக்கு விண்ணப்பிக்க வசதி உள்ளவர்கள் இந்தக் கோடைக்குள் விண்ணப்பியுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். மோகனூர் ஒன்றியத்தில் ஒருவந்தூர், அணியாபுரம், வளையப்பட்டி என்று எந்த ஊராட்சியில் இருந்தாலும், ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களிலும் கிராம சபை கூடுகிறது. குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் ஊராட்சி ஆண்டுக்கு எவ்வளவு மின்கட்டணம் கட்டுகிறது என்று அங்கே எழுந்து கேளுங்கள். அதே பணத்தில் மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்திலோ பள்ளிக்கூட மாடியிலோ தகடு வைக்க எத்தனை ஆண்டாகும் என்று கணக்குப் போடச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாருங்கள். ஓட்டு கேட்டு வருபவரிடம், மேட்டூரின் பழைய நிலக்கரி அலகுகளுக்குப் பதிலாக என்ன வைத்திருக்கிறீர்கள், அங்கே வேலை செய்பவர்களுக்கு என்ன வழி என்று கேளுங்கள்.